புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள்

நம் ஊரில் உடம்பு சரியில்லாதவருக்கு எதையும் தண்ணியாகத்தான் கொடுப்பார்கள். காய்ச்சல் என்றால் கஞ்சியை நீர்க்கக் கரை. வயிறு கெட்டால் மோரைப் பெருக்கு. வாய்க்குப் பிடிக்கவில்லை என்றால் ரசத்தைத் தெளிவாக இறுத்து ஒரு டம்ளர் கொடு. இதை யாரும் யாருக்கும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. நான் வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவள். மந்தமான பிள்ளைக்குக்கூட வகுத்தலைப் புரியவைத்திருக்கிறேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை ஒரே ஒரு ஆளுக்குக்கூட என்னால் எதையும் புரியவைக்க முடியவில்லை.

என் கணவர் பி.டி. மாஸ்டர். மைதானத்தின் அந்தக் கோடியில் பையன் சட்டையை வெளியே விட்டிருந்தால் இந்தக் கோடியிலிருந்து அதட்டுவார், விசிலே வேண்டாம். பள்ளி விட்டு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து, தலையை அண்ணாந்து, உதட்டில் படாமல் கடகடவென்று ஊற்றிக்கொள்வது. தொண்டைக்குமிழ் ஏறி இறங்கும். ஒரு சொட்டு சிந்தாது. பெண் பார்க்க வந்த அன்றைக்கும் அப்படித்தான் குடித்தார். அந்தத் தொண்டையைப் பார்த்துத்தான் நான் சரி சொன்னேன் என்று என் தங்கைகள் இன்றைக்கும் கேலி செய்வார்கள். பொய் இல்லை.

அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின, பேச்சு குழறியது. இதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தவை. தெரியாமல் போனது அந்தத் தொண்டை. ஆஸ்பத்திரியில் விழுங்குவதைச் சோதிக்கிற ஒரு பெண் வந்தாள், என்னிடம் படித்த பிள்ளைகளைவிடச் சின்னவள். அவள் சொன்னது இதுதான்: கெட்டியான சாப்பாடு மெதுவாக இறங்கும், தொண்டை அதற்குள் சுதாரித்துக்கொள்ளும். தண்ணீர் ஓடிவிடும். மூச்சுக்குழாய் மூடுவதற்குள் நுரையீரலுக்குள் போய்விடும். அதனால் இனி தண்ணீர், காப்பி, ரசம், மோர் எல்லாவற்றிலும் ஒரு பவுடரைக் கலந்து தேன் பதத்துக்கு ஆக்கித்தான் கொடுக்க வேண்டும். நிமிர்ந்து உட்காரவைத்து, மோவாயை மார்பை நோக்கி இறக்கி, ஸ்பூனில். அண்ணாந்து குடிக்கவே கூடாது. பெரிய டாக்டர் போகிறபோக்கில் மிச்சத்தைச் சொன்னார். "ஏற்கெனவே ஒரு தடவை நிமோனியா வந்துருச்சு. இன்னொண்ணு வந்தா கஷ்டம் மேடம்."

தேன் பதம் என்றால் என்ன என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. அந்தப் பவுடர் எங்கள் தெரு மருந்துக்கடையில் கிடைக்கவில்லை. கடைக்காரர் யோசித்துவிட்டு, உப்பு சர்க்கரை கலந்த பவுடரை எடுத்துக் கொடுத்தார். அடையாறுக்கு ஆட்டோ பிடித்துப் போய் வாங்கி வந்தேன். தண்ணீரில் கலந்து கலக்கினால் வடித்த கஞ்சித் தண்ணீர் ஆறினாற்போல வழவழவென்று வரும். முதல் ஸ்பூனை வாயில் வைத்ததும் அவர் என்னைப் பார்த்தார். குழறிய நாக்கால், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, "டீச்சர்… இது… தண்ணியா?" என்றார். கோபம் வந்தால் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"தண்ணிதாங்க. முழுங்குங்க."

முழுங்கினார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

எனக்கும் வயதாகிவிட்டது. அவரோ கனத்த ஆள், புரட்டிப்போடவே எனக்கு மூச்சு வாங்கும். வெளிநாட்டில் இருக்கிற மகள் அங்கே உட்கார்ந்தபடியே போனில் தேடி, வீட்டுக்கு ஆள் அனுப்புகிற ஒரு நிறுவனத்தைப் பிடித்தாள். "அம்மா, இவங்க ரேட்டிங் ரொம்ப நல்லா இருக்கு. ஸ்டாண்டர்ட்ஸ் எல்லாம் பக்காவா ஃபாலோ பண்றாங்களாம்" என்றாள். உண்மைதான். முதல் நாளே ஒரு சூப்பர்வைசர் பெண் வந்து வீட்டை அலசினாள். கட்டிலின் பக்கக் கம்பி ஆடுகிறதா, குளியலறையில் வழுக்குமா, கையுறைப் பெட்டி எங்கே, ஆபத்து என்றால் அழுத்துகிற மணி வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றையும் பார்த்துக் கையிலிருந்த கருவியில் தட்டிக்கொண்டே போனாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் வகுப்பறையை இப்படித்தான் வைத்திருப்பேன்.

"விழுங்குறது பத்திச் சொல்லணுமே" என்றேன். தேன், மோவாய், பவுடர் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"அதுக்குத் தனியா இடம் இல்ல மேடம். டயட்ல 'சாஃப்ட்'னு போட்டுக்கறேன், ஓகேவா?"

சாஃப்ட். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் வந்தார்கள், ஒருத்தி பின் ஒருத்தியாக. ஒரே ஆளை ஒரே வீட்டில் நீண்ட நாள் வைப்பது அந்த நிறுவனத்தின் வழக்கமில்லை. ஒருத்திக்கு நான் பாடம் எடுத்து முடிப்பதற்குள் அவளுக்குப் பெருங்குடியில் வேறு வீடு, எனக்கு வேறு ஆள். அவர்களில் கெட்டவள் என்று ஒருத்தியைக்கூட என்னால் சொல்ல முடியாது. சீருடை, அடையாள அட்டை, சுத்தமான நகம். எல்லோரும் பாசமானவர்கள். பாசத்தில்தான் வந்தது வினை. நான் கெட்டியாகக் கலந்து வைத்த கஞ்சியைப் பார்த்ததும் அவர்களுக்கு மனசு கேட்காது. "இவ்ளோ கெட்டியா குடுத்தா பெரியவருக்குத் தொண்டையில அடைச்சுக்காதா?" என்று சமையலறைக்குள் போய்ச் சத்தமில்லாமல் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கரைத்துவிடுவார்கள். ஒருத்தி சொல்லி ஒருத்தி செய்யவில்லை. தானாகவே எல்லோரும் அதையே செய்தார்கள்.

குடித்த உடனே அவருக்குப் புரை ஏறும். முகம் சிவந்து, கண்ணில் நீர் தளும்ப இருமுவார். கஞ்சி கொடுத்தவள் அவர் உச்சந்தலையில் தட்டிக்கொண்டே சிரிப்பாள். "யாரோ நினைக்கிறாங்க அப்பாவ. பொண்ணா இருக்கும்."

எனக்கு உடம்பெல்லாம் எரியும். "யாரும் நினைக்கலம்மா! நுரையீரலுக்குள்ள போகுது!" என்று கத்துவேன். அவள் மிரண்டுபோய் என்னைப் பார்ப்பாள். இந்தக் கிழவிக்கு என்ன வந்தது, மகள் அப்பாவை நினைப்பதில் என்ன தப்பு என்று அந்தப் பார்வை கேட்கும். புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று நானே ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். என் அம்மா சொன்னாள், அவள் அம்மா சொல்லியிருப்பாள். அபாயச் சங்கு ஊதும்போதெல்லாம், யாரோ உன்மேல் அன்பாக இருக்கிறார்கள் என்று சொல்லிவைத்த ஊர் இது. என்னத்தைச் சொல்ல!

வேலைக்கு வந்தவர்கள் போதாதென்று எங்கள் அன்பியத்துப் பெண்கள் வேறு. கோயிலை ஒட்டிய தெருக்களைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற குழு அது. வாராவாரம் வந்து ஜெபமாலை சொல்வார்கள். சும்மாவா வருவார்கள்? பாத்திரத்தில் ஏதாவது இருக்கும். நான் பழைய பழக்கத்தில் ஒரு சார்ட் பேப்பரில் கொட்டை எழுத்தில் 'தண்ணியாக எதுவும் கொடுக்காதீர்கள்' என்று எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருந்தேன். ஒரு அம்மாள் அதை வாய்விட்டுப் படித்தாள், "பாவம்" என்று தலையாட்டினாள், கையிலிருந்த ரசத்தை டம்ளரில் ஊற்றினாள். நான் பாய்ந்தேன்.

"ரசம் தண்ணி இல்லையே டீச்சர்? மிளகு தட்டிப்போட்டு வச்சது. நெஞ்சுச் சளிக்கு நல்லது."

அந்த நெஞ்சுச் சளி எங்கிருந்து வந்தது என்று கேட்க வாயெடுத்தேன். ஜெபம் சொல்ல வந்தவளிடம் சண்டை போடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் பட்டினப்பாக்கத்துக்காரி வந்தாள்.

அவளை எனக்குப் பிடிக்கவில்லை. முதல் நாளே என்னைப் பாட்டி என்றாள். "பாட்டி, சார்ஜ் போட பாயின்ட் எங்க கீது?" என்பதுதான் அவள் எங்கள் வீட்டில் பேசிய முதல் வாக்கியம். போனில் சீரியலைச் சத்தமாக வைத்துப் பார்ப்பாள். என் காப்பியில் சர்க்கரை போதவில்லை என்பாள். அன்பாக ஒரு சொல், ஊஹூம், அவள் வாயில் வராது. நான் வழக்கமான பாடத்தை எடுத்தேன். அவள் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டுவிட்டு, "தண்ணியா குடுக்கக் கூடாது, அவ்ளோதான? இத்த இன்னாத்துக்கு இம்மா நேரம் சொல்லிக்கினு கீற?" என்றாள். போச்சுடா, இதுவும் ஒன்று என்று நினைத்தேன்.

மறுநாள் அவர் அவளிடம் கெஞ்சினார். வாய் கோணி, எச்சில் வழிய, "ஒரு வாய்" என்றார். பாசக்காரிகள் உருகிப்போவது இந்த இடத்தில்தான்.

"ஒரு வாயும் கெடியாது, அர வாயும் கெடியாது. ஸ்பூன்ல தரேன், துன்னு. ரூலுன்னா ரூலு தாத்தா. மோவாய எறக்கு. எறக்குன்றேன்ல?"

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மோவாயை இறக்கினார். ஊரையெல்லாம் வரிசையில் நிற்கவைத்தவரை ஒருத்தி வரிசையில் நிற்கவைத்துவிட்டாள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரசம் கொண்டுவருகிற அம்மாள் அந்த வாரமும் வந்தாள். இவள் எழுந்து போய் அவள் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். "தாத்தாவுக்கு ஆவாதும்மா. வேஸ்ட் ஆவ வேணாம், நான் குட்ச்சிக்கிறேன்" என்று அந்த இடத்திலேயே நின்று, அந்தம்மாள் கண்முன்னால் அத்தனை ரசத்தையும் குடித்துவிட்டு, "உப்பு கம்மி" என்றாள். அன்றைக்கு ஜெபமாலையில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாதா மன்னிப்பாள்.

இருமல் நின்றது. நெஞ்சில் கொரகொரப்பு இல்லை. தெரு முனைக் கிளினிக் டாக்டர் வந்து முதுகில் ஸ்டெத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன செஞ்சீங்க?" என்றார். நான் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினேன். அங்கே அவள் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் பயமில்லாமல் கண்ணை மூடித் தூங்கியது அவள் இருந்த நாட்களில்தான். அவர் மட்டும் அவளை வார்டன் என்றார். அவள் அறைக்குள் வந்தால் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். அவள் கட்டில் காலை ஒரு தட்டுத் தட்டி, "நடிக்காத தாத்தா" என்பாள்.

ஒருநாள் காலையில் நிறுவனத்திலிருந்து போன் வந்தது. தேன் ஒழுகும் குரல்.

"வணக்கம் மேடம், குவாலிட்டி டீம்லேர்ந்து பேசறோம். எங்க சர்வீஸ் பத்தி ஃபீட்பேக் எடுக்கறோம். பேஷண்ட் கிட்டயே பேசலாமா மேடம்? அவங்க சொல்றதுதான் எங்களுக்கு முக்கியம்."

என் மனசு குளிர்ந்துபோனது. அவருக்கு வாய் குழறிப்போன நாளிலிருந்து யாரும் அவரிடம் எதுவும் கேட்பதில்லை. டாக்டர்கள் என்னிடம் கேட்கிறார்கள், மகள் என்னிடம் கேட்கிறாள், சொந்தக்காரர்கள் அவர் தலைக்கு மேலே என்னோடு பேசிவிட்டுப் போகிறார்கள். யாரோ ஒருத்திக்கு இவர் வாயால் கேட்கத் தோன்றியிருக்கிறதே என்று போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் முகத்தருகே பிடித்தேன்.

"சார், எங்க ஸ்டாஃப் உங்கள நல்லா பார்த்துக்கறாங்களா?"

அவர் கண் பெரிதானது. தன்னைத்தான் கேட்கிறாள் என்று புரிந்து, இடது கையால் கம்பியைப் பிடித்து முதுகை நிமிர்த்தினார். முகமெல்லாம் இறுகி, கழுத்து நரம்பு புடைத்து, அத்தனை மாதத்தில் நான் கேட்டிராத தெளிவோடு சொன்னார்.

"தண்ணி… தர மாட்டேங்குறா."

"சார், திருப்பிச் சொல்றீங்களா? தண்ணி தர்றதில்லையா?"

"கேட்டாலும்… தர மாட்டேங்குறா."

"எவ்ளோ நாளா சார்?"

"ரொம்ப நாளா."

நான் போனைப் பிடுங்கினேன். "இல்லம்மா, அது வேற. அவருக்குத் தண்ணியாக் கொடுக்கக் கூடாதுன்னு…"

"சாரி மேடம்." குரலில் தேன் போய்விட்டது. "பேஷண்ட் பேசும்போது ஃபேமிலி குறுக்க வரக்கூடாது. அது எங்க ரூல். சார் சொன்னதை நான் ரெக்கார்ட் பண்ணிட்டேன்."

"நான் சொல்றதையும் ரெக்கார்ட் பண்ணும்மா!"

"கண்டிப்பா மேடம். சீனியர்ஸ் உங்களைக் கூப்பிடுவாங்க."

சீனியர்ஸ் கூப்பிடவில்லை. மத்தியானமே வேறொருத்தி பையோடு வாசலில் நின்றாள். பட்டினப்பாக்கத்துக்காரிக்குப் போனில் ஒரு செய்தி வந்திருந்தது, உடனே கிளம்பு என்று. அவள் அதை என்னிடம் காட்டினாள்.

"நான் இன்னா தப்பு பண்ணேன் பாட்டி? நீ சொன்னத்ததான பண்ணேன்?"

"நான் பேசறேன்மா. ஆபீசுக்கே போய்ப் பேசறேன். நீ கவலைப்படாத."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கட்டிலருகே போனாள். "நல்லாப் போட்டுக் குடுத்துட்டியே தாத்தா" என்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவர் மோவாயில் ஒட்டியிருந்ததைத் துண்டால் துடைத்துவிட்டுப் போய்விட்டாள். அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் என்னிடம், "எங்க… வார்டன்?" என்று கேட்டார். அவர் கேட்டது தண்ணீர். அவளை வெளியே அனுப்பு என்று அவர் கேட்கவே இல்லை. அதைச் சொல்லி அழுவதா, சிரிப்பதா?

புதிதாக வந்தவள் திண்டிவனம் பக்கத்துப் பெண். சிரித்த முகம். வந்தவுடன் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள், நகம் வெட்டினாள், அவர் குழறியதையெல்லாம் "அப்படியாப்பா?" என்று உட்கார்ந்து கேட்டாள். என்னை அம்மா என்றாள். அவர் பல நாள் கழித்துச் சிரித்தார். நான் பாடம் எடுத்தேன். "சரிம்மா, சரிம்மா" என்று அத்தனைக்கும் தலையாட்டினாள். மறுநாளே கஞ்சிப் பாத்திரத்தில் கரண்டியை விட்டுத் தூக்கினேன், சொட்டுச் சொட்டாக வழிய வேண்டியது தண்ணீராக ஊற்றியது. நான் போட்ட கூச்சலில் எதிர் ஃபிளாட் கதவு திறந்தது. அவள் அழுதுவிட்டாள். "தொண்ட காயுதுன்னு கேக்குறாரும்மா. பாவம்மா. தவிச்ச வாய்க்குத் தண்ணி குடுக்காம இருந்தா பாவம் நம்மளத்தான் சேரும்" என்றாள்.

அதற்குமேல் பொறுக்க முடியாமல் கொட்டிவாக்கத்தில் இருக்கிற அவர்கள் ஆபீசுக்குப் புறப்பட்டேன். கிளம்பும்போது கஞ்சியையும் தண்ணீரையும் நானே பதமாகக் கலந்து, மூடி, மேசையில் வைத்தேன். குழாயைத் தவிர வீட்டில் தண்ணீர் இருக்கிற பாத்திரத்தையெல்லாம் என் அறையில் வைத்துப் பூட்டினேன். மருந்தைப் பூட்டுவார்கள், நகையைப் பூட்டுவார்கள், நான் தண்ணீரைப் பூட்டிய பைத்தியக்காரி. "இதத் தவிர ஒரு சொட்டுக் கொடுக்கக் கூடாது. என் தலைமேல சத்தியம் பண்ணு" என்றேன். பண்ணினாள்.

ஆபீஸ் குளுகுளுவென்று இருந்தது. கண்ணாடிச் சுவர், கடல் காற்றில் ஆடுகிற தென்னை வெளியே. மேனேஜர் பெண் எழுந்து நின்று கைகூப்பினாள், எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். குறை சொல்லவே முடியாத பிள்ளை. நான் சொன்னதையெல்லாம் இடைமறிக்காமல் கேட்டாள்.

"புரியுது மேடம். ஆனா பேஷண்ட்டே சொல்லியிருக்காரு, தண்ணி மறுக்கறாங்கன்னு. அது எங்க பாலிசில ரொம்ப சீரியஸ். வயசானவங்களுக்குச் சாப்பாடு, தண்ணி மறுக்கறது கொடுமையில சேரும். நீங்க யோசிங்க, எத்தனையோ வீட்ல ஃபேமிலியே அப்படிப் பண்றாங்க. அதனாலதான் நாங்க நேரா பேஷண்ட் கிட்ட கேக்கறோம்."

அவள் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. அதுதான் என்னைக் கொன்றது. படுக்க வைத்துப் பட்டினி போடுகிற வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன். அந்தக் கிழவர்களுக்காகப் போட்ட விதி இது, நல்ல விதி. எங்கள் வீட்டுக்குள் வந்து, அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஒருத்தியைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டது.

"அந்தப் பெண்ணையே திருப்பி அனுப்புங்கம்மா. கெஞ்சிக் கேக்கறேன்."

"அவங்க இப்போ ரீ-ட்ரெயினிங்ல இருக்காங்க மேடம். பேஷண்ட்டுக்குத் தண்ணி குடுக்கறதோட முக்கியத்துவம் பத்தி. முடிஞ்சாலும் கம்ப்ளெயின்ட் வந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டோம்."

என் குரலுக்குப் பயந்து வராந்தாவில் மூச்சுவிடாமல் நின்ற பிள்ளைகள் எத்தனை பேர். குளிர்ந்த அறையில் அந்த நல்ல பெண் முன்னால் நான் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் காப்பி வரவழைத்துக் கொடுத்தாள்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. வாசலில் ஒரு இளநீர் மட்டை, சீவிய தலையோடு.

கட்டிலில் அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் அப்படி ஒரு வெளிச்சம். சட்டையின் கழுத்து நனைந்திருந்தது. பையன் மாதிரி சிரித்துக்கொண்டு, கடகடவென்று, ஒரு எழுத்துக் குழறாமல் சொன்னார்.

"இளநி குடிச்சேன்."

திண்டிவனத்துக்காரி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "தண்ணி தர மாட்டேன்னுதாம்மா சத்தியம் பண்ணேன். இளநி உடம்புக்கு நல்லதுதானம்மா? தெருவுல வண்டி வந்துது. அப்பா கை நீட்டிக் கேட்டாரு. எச்சில் படாம அண்ணாந்து குடிச்சாரும்மா, தலையப் புடிச்சுக்கிட்டு ஊத்துனேன், எவ்ளோ சந்தோசம் தெரியுமா!"

அவருக்கு அப்போது புரை ஏறியது. இருமினார். அவள் ஓடிவந்து உச்சியில் தட்டினாள். "பாருங்கம்மா, வெளிநாட்டுல இருக்கற அக்கா நினைக்கிறாங்க."

நான் அவளைத் திட்டவில்லை. திட்ட எனக்குத் தெம்பில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மோவாயைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினேன். முடிந்துபோன பிறகு இறக்கி என்ன பயன்? என்றாலும் இறக்கினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் யார்மீது கோபப்படுவது என்று தெரியவில்லை. அவள்மீதா? அவர் கடைசியாக வாய் நிறையக் குடித்தது அவள் கையால்தான்.

காய்ச்சல் வந்தது, மூச்சு இரைத்தது, ஆஸ்பத்திரி. தாங்க மாட்டார் என்றவர்கள் ஆச்சரியப்பட்டார்கள், மைதானத்தில் ஓடின உடம்பு, தாங்கிவிட்டது. ஆனால் தொண்டையை இனி நம்ப முடியாது என்றார்கள். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் போட்டார்கள். கஞ்சியும் மருந்தும் தண்ணீரும் அதில்தான். வாய்வழியாக ஒன்றும் கூடாது, கெட்டியாகவும் கூடாது.

இப்போது எல்லாம் விதிப்படி நடக்கிறது. யார் வந்தாலும் எனக்குப் பாடம் எடுக்கிற வேலை இல்லை. குழாயில் ஊற்றுவதற்கு அளவு இருக்கிறது, நேரம் இருக்கிறது, சூப்பர்வைசரின் கருவியில் அதற்கென்று தனி இடம்கூட இருக்கிறது. தண்ணியாகத்தான் ஊற்ற வேண்டும், கெட்டியாக இருந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். கஞ்சியைத் தண்ணியாகக் கரை என்று நானே சொல்கிறேன். வீட்டில் இருமல் சத்தம் இல்லை. மகள் போனில் பேசும்போதுகூட, யாரும் யாரையும் நினைக்காத வீடு மாதிரி அமைதியாக இருக்கிறது.

போன வாரம் அந்தத் தேன் குரல் திரும்ப வந்தது.

"வணக்கம் மேடம், குவாலிட்டி டீம். முன்னாடி ஒரு கம்ப்ளெயின்ட் ஓபன்ல இருக்கு. பேஷண்ட் கிட்ட பேசலாமா?"

"அவரால இப்போ பேச முடியாதும்மா."

"ஓ, சாரி மேடம். அப்ப நீங்களே சொல்லிடுங்க. சாருக்கு இப்போ ஒழுங்கா தண்ணி குடுக்கறாங்களா?"

கட்டிலைப் பார்த்தேன். குழாயின் வாயில் புனலைப் பொருத்தி, புதிதாக வந்தவள் அளந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். அது சத்தமில்லாமல் இறங்கியது.

"குடுக்கறாங்க" என்றேன்.

"தேங்க் யூ மேடம். கம்ப்ளெயின்டை க்ளோஸ் பண்ணிடறேன்."

நாங்கள் பேசியதை அவர் கேட்டிருக்கிறார். போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். தண்ணீர் என்ற சொல் போதுமாக இருந்தது அவருக்கு. குழாய் ஆட ஆட, தலையை மெல்ல அண்ணாந்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, எனக்காகக் காத்திருந்தார். நான் ஒரு பஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்து, உதட்டைத் துடைத்துவிட்டேன்.